ஃபிஷிங் தளங்களை உங்கள் பிரவுசர் எந்த அளவுக்குத் தடுக்கும்? செட்டிங்ஸிலிருந்து பாஸ்கீ வரை முழுமையான வழிகாட்டி

இந்தியா போஸ்ட் பெயரில் ஒரு எஸ்எம்எஸ் வருகிறது. பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டதாம், முகவரி முழுமையாக இல்லையாம், 12 மணி நேரத்துக்குள் லிங்க்கைத் திறந்து சரிசெய்யாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். லிங்க்கைத் தொட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். திரை முழுக்கச் சிவப்பாகி, ‘இது ஆபத்தான தளம்’ என்று பிரவுசர் மறிக்கும். அல்லது தபால் துறையின் சின்னத்தோடு ஒரு பக்கம் திறந்து, மறுபடி டெலிவரி செய்யச் சின்னத் தொகை ஒன்றைக் கேட்டு, கார்டு எண்ணை நிரப்பச் சொல்லும். இப்படிப் போலிப் பக்கத்தைக் காட்டி விவரங்களைப் பறிப்பதுதான் ஃபிஷிங். லிங்க்கும் பிரவுசரும் ஒன்றாகவே இருந்தாலும், காலையில் தொட்டவருக்குக் கார்டு எண் கேட்கும் பக்கமும், சாயங்காலம் தொட்டவருக்குச் சிவப்புத் திரையும் வரலாம்.

இந்த நேர வித்தியாசம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. பிரவுசரின் பாதுகாப்பு பெரும்பாலும் ஆபத்தான தளங்களின் ஒரு பட்டியலை நம்பியிருக்கிறது, பட்டியலோ எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். ஆகவே முதலில் அந்தப் பட்டியலை முழு வேகத்தில் ஓட வைக்க வேண்டும். அப்புறம், பட்டியலில் ஏறாத தளங்களுக்காக வேறு அரண்கள் வேண்டும்.

முதலில்: சிவப்புத் திரை எப்படி வருகிறது?

குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் நம்பியிருப்பது கூகுளின் ‘சேஃப் பிரவுசிங்’ பட்டியலைத்தான். மைக்ரோசாஃப்ட் எட்ஜ் மட்டும் தன் சொந்த ‘ஸ்மார்ட்ஸ்கிரீன்’ சேவையைப் பயன்படுத்துகிறது. இந்த ஏற்பாடு புதிதல்ல. 2006ல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 2, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 இரண்டிலுமே ஃபிஷிங் வடிகட்டி இருந்தது.

பட்டியலில் தளங்களின் முகவரிகள் அப்படியே இருப்பதில்லை. ஒவ்வொரு முகவரியும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டின் வழியே 256 பிட் கொண்ட ஓர் எண்ணாக மாற்றப்படும். அதன் முதல் 32 பிட் மட்டும் உங்கள் போனுக்கோ கணினிக்கோ வந்து சேரும். நீங்கள் திறக்கும் முகவரியையும் பிரவுசர் இதே போல மாற்றி ஒப்பிடும். முன்பகுதி பொருந்தினால் மட்டும், அந்த முன்பகுதியில் தொடங்கும் முழு எண்களைக் கூகுளிடம் கேட்டு வாங்கி, கடைசி ஒப்பீட்டை உங்கள் கருவியிலேயே முடிக்கும். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது கூகுளுக்கு நேரடியாகத் தெரியாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. நல்ல யோசனைதான்.

பலவீனம் வேறிடத்தில் இருந்தது. கருவியில் இருக்கும் பட்டியல் 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் கூகுளே சொன்ன தகவல்: ஒரு தீய தளத்தின் சராசரி ஆயுள் 10 நிமிடத்துக்கும் குறைவு. பட்டியல் வந்து சேர்வதற்குள் தளமே மறைந்திருக்கும். அதனால் குரோமின் சாதாரணப் பாதுகாப்பு நிலையிலும் உடனுக்குடன் சரிபார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நல்ல தளம் என்று ஏற்கெனவே தெரிந்தவற்றைப் பிரவுசர் விட்டுவிடும், மற்றவற்றின் முன்பகுதியைச் சர்வரிடம் கேட்கும். உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கூகுளுக்குப் போகாதபடி நடுவில் ஃபாஸ்ட்லி நிறுவனம் நடத்தும் ஒரு சர்வர் நிற்கிறது. இதனால் 25 சதவீதம் கூடுதலான ஃபிஷிங் முயற்சிகளைத் தடுக்க முடியும் என்று கூகுள் எதிர்பார்த்தது.

அப்படியும் ஒரு தளம் தீயது என்று யாராவது கண்டுபிடித்தால்தானே பட்டியலில் ஏறும்? அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்றவர்களோடு சேர்ந்து 2020ல் வெளியிட்ட ஆய்வு, தளத்தின் ஆயுளை அல்ல, முழுத் தாக்குதலையும் அளந்தது. அதில் ஒரு ஃபிஷிங் தாக்குதல் முதல் ஆள் வந்ததிலிருந்து கடைசி ஆள் வரை சராசரியாக 21 மணி நேரம் நீடித்தது. தடுப்பு அமைப்புகள் அதைக் கண்டுபிடித்தது, முதல் ஆள் வந்து சராசரியாக 9 மணி நேரம் கழித்து. அந்த 9 மணி நேரத்துக்குள் லிங்க்கைத் தொட்டவர்களுக்குப் பிரவுசர் ஒன்றும் சொல்லியிருக்காது.

கண்டுபிடிக்க ஏன் இத்தனை நேரம் ஆகிறது என்றால், ஏமாற்றுக்காரர்கள் ஒளிந்து விளையாடுகிறார்கள். போனிலிருந்து, அதுவும் இந்திய ஐபி முகவரியிலிருந்து வருபவருக்கு மட்டும் போலிப் பக்கத்தைக் காட்டுவார்கள். சோதிக்க வரும் தானியங்கி நிரலுக்கு வெற்றுப் பக்கமோ ஏதாவது சமையல் குறிப்போ தெரியும். ‘நான் ரோபோ அல்ல’ என்ற கட்டத்தை முன்னால் நிறுத்தி வைப்பதும் இதற்குத்தான்.

படி 1: பாதுகாப்பு நிலையை உயர்த்துங்கள்

குரோமில் செட்டிங்ஸ், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, சேஃப் பிரவுசிங் என்று போங்கள். கணினியில் நடுவில் ‘செக்யூரிட்டி’ என்று இன்னொரு பக்கம் வரும். மூன்று தேர்வுகள் இருக்கும்: என்ஹான்ஸ்டு, ஸ்டாண்டர்டு, நோ புரொடெக்‌ஷன். 2020ல் வந்த என்ஹான்ஸ்டு நிலையில், நீங்கள் திறக்கும் முகவரிகளும் பக்கத்தின் சில மாதிரிகளும் கூகுளுக்குப் போகும். யாரும் இதுவரை புகார் செய்யாத பக்கத்தையும் அதன் தோற்றத்தையும் நடத்தையையும் வைத்துச் சந்தேகிக்க இது உதவும்.

தனியுரிமையை விலையாகக் கொடுக்கிறோம் என்பது உண்மை. என் கருத்தைக் கேட்டால், வீட்டில் வயதானவர்கள் வைத்திருக்கும் போனில் என்ஹான்ஸ்டு போட்டுவிடுங்கள். வாட்ஸப்பில் வரும் எல்லா லிங்க்கையும் தொட்டுப் பார்க்கும் அப்பாவுக்கு, பிரவுசிங் வரலாறு கூகுளுக்குப் போவதைவிடச் சேமிப்புக் கணக்கு காலியாவதுதான் பெரிய கவலை. உங்கள் கணினியில் எதை வைப்பது என்பது உங்கள் விருப்பம்.

ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸின் ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில், ஏமாற்றும், ஆபத்தான உள்ளடக்கத்தைத் தடுக்கும் பெட்டி டிக் ஆகியிருக்க வேண்டும். ஐபோனில் சஃபாரி செட்டிங்ஸில் ‘ஃபிராடுலன்ட் வெப்சைட் வார்னிங்’ இயங்க வேண்டும். எட்ஜில் ‘ஸ்மார்ட்ஸ்கிரீன்’ என்று செட்டிங்ஸில் தேடினால் வந்துவிடும். இவை எல்லாம் வாங்கும்போதே இயங்கும் நிலையில்தான் இருக்கும். ஆனால் ‘போன் வேகமாகும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு எதையெதையோ அணைத்து வைத்த போன்கள் ஊரில் நிறைய உண்டு.

பிரவுசரையும் அப்டேட் செய்து வையுங்கள். பழைய பதிப்பில் புதிய சரிபார்ப்பு முறை இருக்காது.

படி 2: வேலை செய்கிறதா என்று சோதியுங்கள்

சோதிப்பதற்காகவே ஆபத்தில்லாத தளங்கள் இருக்கின்றன. குரோமில் டெஸ்ட்சேஃப்பிரவுசிங் டாட் ஆப்ஸ்பாட் டாட் காம் என்ற கூகுள் பக்கத்தைத் திறந்து, ஃபிஷிங் எச்சரிக்கை வர வேண்டிய லிங்க்கைத் தொடுங்கள். எட்ஜுக்கு டெமோ டாட் ஸ்மார்ட்ஸ்கிரீன் டாட் எம்எஸ்எஃப்டி டாட் நெட். சிவப்புத் திரை வந்தால் ஏற்பாடு இயங்குகிறது. வராவிட்டால் முதல் படிக்குத் திரும்புங்கள்.

போனிலும் தனியாகச் சோதியுங்கள். இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2019ல் வெளியான ‘ஃபிஷ்ஃபார்ம்’ ஆய்வில் ஒரு திடுக்கிடும் விஷயம் தெரிந்தது. 2017 நடுப்பகுதியிலிருந்து 2018 இறுதி வரை மொபைல் குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவை ஃபிஷிங் எச்சரிக்கையைக் காட்டவே இல்லை. செட்டிங்ஸில் பாதுகாப்பு இயங்குவதாகத்தான் தெரிந்தது. ஓராண்டுக்கு மேல் உலகம் முழுக்க யாரும் கவனிக்கவில்லை. ஆய்வாளர்கள் சொன்ன பிறகே சரிசெய்தார்கள்.

சோதனையில் தேறுவது பாதுகாப்பு இயங்குகிறது என்பதை மட்டுமே காட்டும். நாளைக்கு வரும் புதுத் தளத்தைப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி.

படி 3: சிவப்புத் திரை வந்தால்

பின்னால் போங்கள், அவ்வளவுதான். ‘விவரங்கள்’ என்பதைத் தொட்டு, ‘பரவாயில்லை, உள்ளே போகிறேன்’ என்று தாண்டிப் போகும் வழியைத் தேடாதீர்கள். 2013ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், ஃபிஷிங் எச்சரிக்கையைப் பார்த்தும் தாண்டிப் போனவர்கள் ஃபயர்ஃபாக்ஸில் சுமார் 9 சதவீதம், குரோமில் 18 சதவீதம்.

“நமக்குத் தெரிந்த கடையின் தளம்தானே, ஏன் சிவப்பாக வருகிறது?” என்று சிலர் கேட்பார்கள். சிறு நிறுவனங்களின் பழைய தளங்களுக்குள் புகுந்து, ஏதோ ஒரு ஃபோல்டரில் போலி வங்கிப் பக்கத்தை ஒளித்து வைப்பது வழக்கமான வேலை. கடை நல்ல கடை, எச்சரிக்கையும் சரி. கடைக்காரரைப் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

சிவப்புத் திரையிலும் போலி உண்டு. ‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்று திரையை நிறைத்து, சைரன் ஒலி போட்டு மிரட்டும் பக்கங்கள் அவை. பிரவுசரின் உண்மையான எச்சரிக்கையில் ஒருபோதும் போன் நம்பர் இருக்காது. திரை சிக்கிக்கொண்டால் எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்து, வெளியே வந்ததும் டேபை மூடுங்கள்.

படி 4: பூட்டுக் குறியை மறந்துவிடுங்கள்

‘முகவரிப் பட்டையில் பூட்டு இருந்தால் பாதுகாப்பான தளம்’ என்று பத்து வருடம் முன்பு எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது அதை மறக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதுதான் பூட்டின் பொருள். அந்தப் பக்கம் இருப்பவர் யார் என்று அது சொல்வதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் பூட்டுக்குத் தேவையான சான்றிதழை இலவசமாகவே தருகின்றன, திருடனுக்கும் அது சில நிமிட வேலை. 2021ல் கூகுள் நடத்திய ஆய்வில் பூட்டின் பொருளைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தவர்கள் 11 சதவீதம் பேர்தான். 2023 செப்டம்பரில் குரோம் அந்தக் குறியையே எடுத்துவிட்டு, செட்டிங்ஸ் போன்ற ஒரு குறியை வைத்தது.

படி 5: முகவரியை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள்

இந்த ஒரு பழக்கத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். முகவரியில் எச்டிடிபிஎஸ்ஸுக்கு அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் முதல் சாய்கோட்டைத் தேடுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் படித்துக்கொண்டு வாருங்கள். தளம் யாருடையது என்பது அங்கேதான் இருக்கிறது.

‘எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிந்தால் அது ஸ்டேட் வங்கி. ‘எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன் டாட் கேஒய்சி-அப்டேட் டாட் எக்ஸ்ஒய்இசட்’ என்று நீண்டால், உரிமையாளர் ‘கேஒய்சி-அப்டேட் டாட் எக்ஸ்ஒய்இசட்’டை வாங்கிய ஆள். முன்னால் இருக்கும் எஸ்பிஐ வெறும் அலங்காரம். தான் வாங்கிய தளப் பெயருக்கு, அதாவது டொமைனுக்கு, முன்னால் யாரும் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். போனில் முகவரிப் பட்டை குறுகலானது என்பதால் முகவரியின் ஒரு பகுதிதான் கண்ணில் படும். பட்டையைத் தொட்டு முழுதாகப் பாருங்கள்.

இந்திய வங்கிகளைப் பொறுத்தவரை இந்த வேலை இப்போது எளிதாகியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கென்றே ‘டாட் பேங்க் டாட் இன்’ என்ற டொமைனை அறிவித்தது. 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்று கெடுவும் வைத்தது. ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற அமைப்பு மட்டுமே அதைப் பதிவு செய்து தர முடியும், வங்கி அல்லாதவர் வாங்க முடியாது. ஆகவே உங்கள் வங்கியின் பெயரில் டாட் காம், டாட் நெட், டாட் ஆப் என்று எது வந்தாலும் சந்தேகத்தோடு பாருங்கள். போலித் தளங்களுக்கு எதிராகச் சமீபத்தில் நடந்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பட்டியல், தாமதம் எதுவும் குறுக்கே வராது, முகவரியின் கடைசித் துண்டைப் பார்த்தால் போதும்.

அரசுத் துறைகளுக்கு ‘டாட் ஜிஓவி டாட் இன்’ இதே போன்ற அடையாளம். போக்குவரத்து அபராதம் கட்டும் தளம் ‘பரிவாகன் டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடிய வேண்டும். ஆனால் எல்லாத் துறையும் அந்த வழக்கத்தில் இல்லை. தமிழ்நாட்டில் மின்கட்டணம் கட்டும் தளம் பல ஆண்டுகளாக ‘டாட் ஓஆர்ஜி’ முகவரியில்தான் இயங்கி வந்திருக்கிறது, அப்படி முடியும் முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ‘இன்றிரவு கரண்ட் கட்’ என்று மிரட்டும் எஸ்எம்எஸ்கள் எடுபடுவதில் இந்தக் குழப்பத்துக்கும் பங்கு உண்டு. மின்கட்டணத்துக்கு எஸ்எம்எஸ் லிங்க்கைத் தொடவே தொடாதீர்கள், சரியான பக்கத்தை ஒருமுறை புக்மார்க் செய்து அதையே பயன்படுத்துங்கள்.

கண்ணை ஏமாற்றும் இன்னும் சில வித்தைகள் உண்டு. 2017ல் சூடோங் ஜெங் என்ற ஆய்வாளர், ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலவே தெரியும் ஒன்றை முழுக்க சிரிலிக் (ரஷ்ய மொழியில் பயன்படும்) எழுத்துகளால் பதிவு செய்து காட்டினார். குரோம் 58ஆம் பதிப்பில் இதைச் சரிசெய்தார்கள். ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துபவர்கள் ‘அபவுட் கான்ஃபிக்’ பக்கத்தில் ‘ஷோ பியூனிகோடு’ (show_punycode) என்று தேடி அதை ‘ட்ரூ’ ஆக்கிவிட்டால், இப்படிப்பட்ட முகவரிகள் தங்கள் வேஷத்தை இழந்து ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் கிறுக்கெழுத்தாகத் தெரியும்.

இன்னொன்று, பக்கத்துக்குள்ளேயே பொய்யாக ஒரு சின்ன லாகின் விண்டோவை வரைவது. அதில் முகவரிப் பட்டைகூட இருக்கும், உள்ளே கூகுளின் சரியான முகவரியும் இருக்கும், எல்லாம் வெறும் படம். கணினியில் அந்தச் சின்ன விண்டோவைப் பிடித்துப் பிரவுசருக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். உண்மையானது வெளியே வரும், போலி விளிம்பிலேயே நின்றுவிடும்.

படி 6: பாஸ்வேர்ட் மேனேஜரைக் காவலுக்கு வையுங்கள்

பாஸ்வேர்டை நினைவில் வைக்கும் வசதி என்றே பலர் இதை நினைக்கிறார்கள். ஃபிஷிங் விஷயத்தில் இதன் மதிப்பு வேறு. பாஸ்வேர்டைச் சேமிக்கும்போது எந்த டொமைனுக்கு என்பதையும் சேர்த்தே அது பதிந்து வைக்கும். போலிப் பக்கம் கண்ணுக்கு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், டொமைன் ஓர் எழுத்து மாறியிருந்தால் அது நிரப்பாது. அவசரத்தில் நாம் கவனிக்கத் தவறியதை அது தவறவிடாது. அந்தத் தளம் எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

குரோமில் இருப்பதே போதும், தனியாக வேண்டுமென்றால் பிட்வார்டன் போன்றவை இருக்கின்றன. ஒரே விதி: வழக்கமாக நிரப்பும் இடத்தில் நிரப்பாவிட்டால், கையால் டைப் செய்வதற்கு முன் முகவரியைப் பாருங்கள். ‘ஏதோ கோளாறு’ என்று நினைத்து மேனேஜருக்குள் போய் பாஸ்வேர்டை காப்பி செய்து ஒட்டினால், வாசலில் காவலுக்கு நிற்பவரைத் தள்ளிவிட்டுத் திருடனுக்கு நாமே கதவைத் திறந்துவிட்டது போலத்தான்.

சில நெட்பேங்கிங் பக்கங்கள் பாஸ்வேர்டைத் தானாக நிரப்பவும் விடுவதில்லை, ஒட்டவும் விடுவதில்லை, திரையில் ஒரு விசைப்பலகையைக் காட்டி ஒவ்வொரு எழுத்தாகத் தொடச் சொல்கின்றன. பாதுகாப்பு என்ற பெயரில், ஃபிஷிங்கைக் காட்டிக்கொடுக்கும் ஒரு நல்ல கருவியை வாடிக்கையாளரிடமிருந்து பிடுங்குகிறார்கள். அங்கே புக்மார்க் ஒன்றுதான் வழி.

படி 7: முடிந்த இடத்திலெல்லாம் பாஸ்கீ

ஓடிபி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். எவில்ஜின்எக்ஸ் போன்ற கருவிகள் உங்களுக்கும் உண்மையான தளத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் போடும் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் அந்த நொடியே உண்மையான தளத்தில் போட்டு உள்ளே நுழைந்துவிடும்.

பாஸ்கீயில், அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் விரல்ரேகைப் பூட்டு போன்றவற்றால் லாகின் செய்யும் முறையில், இது நடக்காது. உங்கள் கருவியில் இருக்கும் ரகசியச் சாவி, குறிப்பிட்ட டொமைனுக்கு மட்டுமே கையெழுத்துப் போடும். எந்த டொமைனில் இருக்கிறோம் என்பதைச் சரிபார்ப்பது பிரவுசர், அதனால் நீங்களே ஏமாந்து போலித் தளத்தில் விரலை வைத்தாலும் ஒன்றும் நடக்காது. இதே அடிப்படையில் இயங்கும் யுஎஸ்பி சாவிகளைத் தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கிய பிறகு, அவர்களில் யாருடைய வேலைக் கணக்கும் ஃபிஷிங்கில் பறிபோகவில்லை என்று 2018ல் கூகுள் சொன்னது.

முதலில் உங்கள் மெயில் கணக்குக்குப் போடுங்கள். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க்குகள் எல்லாம் அங்கேதான் வருகின்றன.

பிரவுசரின் கை எட்டாத இடங்கள்

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ஆப்களுக்குள் லிங்க்கைத் தொட்டால் ஆப்புக்கு உள்ளேயே ஒரு குட்டி பிரவுசர் திறக்கும். நீங்கள் குரோமில் செய்த செட்டிங்ஸோ சேமித்த பாஸ்வேர்டுகளோ அங்கே வராமல் போகலாம். லாகின், பணம் என்று எது வந்தாலும் மூன்று புள்ளி மெனுவைத் தொட்டு, வெளியே இருக்கும் பிரவுசரில் திறந்துகொள்ளுங்கள்.

வாட்ஸப்பில் ‘டிராஃபிக் செல்லான்’, ‘கல்யாணப் பத்திரிகை’ என்ற பெயரில் வரும் ஏபிகே ஃபைல்கள் (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்கள்) இன்னும் மோசம். அங்கே தளமே கிடையாது, பிரவுசர் குறுக்கே வர வாய்ப்பும் இல்லை. இன்ஸ்டால் செய்துவிட்டால் உங்கள் எஸ்எம்எஸ்ஸையே படித்து ஓடிபியை அனுப்பிவிடும். கல்யாணப் பத்திரிகை எந்த ஊரிலும் ஏபிகேயாக வருவதில்லை.

படி 8: பார்த்தால் புகார் செய்யுங்கள்

போலித் தளத்தைக் கண்டுபிடிக்க ஆகும் அந்த 9 மணி நேரத்தைக் குறைக்க நம்மால் முடியும். ஃபயர்ஃபாக்ஸில் ஹெல்ப் மெனுவிலும், எட்ஜில் ‘ஹெல்ப் அண்ட் ஃபீட்பேக்’ பகுதியிலும் ஆபத்தான தளத்தைப் புகார் செய்யும் வசதி இருக்கிறது. கூகுளுக்கு என்றால், ‘ரிப்போர்ட் ஃபிஷிங் பேஜ்’ என்று தேடினால் சேஃப் பிரவுசிங்கின் படிவம் கிடைக்கும். எஸ்எம்எஸ்ஸாகவோ வாட்ஸப்பிலோ வந்திருந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்‌ஷு’ பகுதியிலும் தெரிவிக்கலாம்.

ஏற்கெனவே விவரங்களைக் கொடுத்துவிட்டிருந்தால்

முதலில் வங்கி. கார்டின் பின்னால் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கார்டையும் நெட்பேங்கிங்கையும் முடக்குங்கள். கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீர்கள், அதிலும் போலி நம்பர்கள் உலவுகின்றன. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். தொகை, நேரம், பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால் பேச்சு சீக்கிரம் முடியும். எவ்வளவு முன்னால் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

பறிபோனது மெயில் கணக்கு என்றால் பாஸ்வேர்டை மாற்றியதோடு விட்டுவிடாதீர்கள். நடுவில் உட்காரும் கருவி, நீங்கள் லாகின் செய்த நிலையையே திருடி வைத்திருக்கும், பாஸ்வேர்ட் மாறியும் சில சமயம் அவர்கள் உள்ளேயே இருப்பார்கள். கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் எந்தெந்தக் கருவிகள் உள்ளே இருக்கின்றன என்று பார்த்து எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். பிறகு மெயில் செட்டிங்ஸில் ஃபார்வேர்டிங் பகுதியைத் திறந்து பாருங்கள். உங்களுக்கு வரும் மெயில்களின் நகல் தெரியாத முகவரிக்குப் போகும்படி அங்கே ஒரு வரி சேர்த்திருந்தால், அதையும் நீக்குங்கள். ஏமாற்ற வந்த எஸ்எம்எஸ்ஸை மட்டும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், புகாரில் அதன் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்பார்கள்.